விதி எங்கே இருக்கிறது?

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்

“விதியில் இடமில்லை” என்னும் சொல்லைக் கேளாத கிராமவாசி நம் நாட்டில் இருக்கமாட்டார். அச்சொல்லைச் சொல்லாத அலுவலரும் இருக்கமாட்டார். நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால், “அந்த விதி எது? அஃது எங்கே இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு கேட்ட ஒருவரிடம் நாம் கற்ற பாடத்தையும், அரசாங்கத்தின் சட்டங்களையும் விதிகளையும் இணையத்தின் வாயிலாக யாவரும் தேடி அறியும் முறையையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அல்லிநகரத்தில் குடியிருக்கும் முதிய விவசாயி ஒருவர் நம்மைக் காண வந்தார். நாம் அப்பொழுது பணியாற்றிய ஒன்றியத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் புன்செய் நிலம் உண்டு. மண் சாரமிழந்துவிட்டது; பக்கத்துக் கண்மாய் வற்றிக் கிடக்கிறது; அதிலிருந்து கரம்பை அள்ளி நிலத்தில் அடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால், கண்மாய்க் கரையில் நின்ற யாரோ ஒருவர், டிராக்டர் நடைக்கு இவ்வளவு என்று பணம் கேட்டிருக்கிறார். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மிகாத கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். அது சிறிய கண்மாய் ஆதலால் அவர் நம்மிடம் வந்தார்.

நாம் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டிப் பார்த்து, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் செய்யும்படி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். பெரியவர் போனார். இப்பொழுது அதிகாரம் வட்டாட்சியருக்கு வந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் வேலை கெட்டது. பேருந்துச் செலவும் வீண். மூன்றாம் நாள் மீண்டும் நம் முன் வந்து நின்றார். சினந்து பேசவில்லை.

“ஐயா, உங்கள்மேல் குறை சொல்ல வரவில்லை. அந்த விதி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள். அடுத்த முறை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

நமக்கு நாணமாக இருந்தது. கல்லூரியில் படிக்கும் தம் பேத்தியை அவர் உடன் அழைத்து வந்திருந்தார். அப்பெண்ணின் கைப்பேசியிலும் நமது அலுவலகக் கணினியிலுமாக அந்த விதியைத் தேடத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்தில் அதன் வேர் முதல் நுனி வரை கண்டுவிட்டோம்.

வேரும் கிளையும்

சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை என்னும் நான்கு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகவே வழங்கி வருகிறோம். அவை ஒன்றல்ல. ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பவை. கரம்பை மண்ணின் கதையைக்கொண்டே இதனை விளக்கலாம்.

கனிமங்கள் பற்றிய அடிப்படைச் சட்டம், நாடாளுமன்றம் இயற்றிய 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை)ச் சட்டம் ஆகும். அதன் 15 ஆம் பிரிவு, மணல், மண் போன்ற சிறு கனிமங்களுக்கு விதிகள் செய்துகொள்ளும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்குகிறது. அந்த அதிகாரத்தின்கீழ் நமது மாநில அரசு செய்தவையே தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. அவற்றுள் 12 ஆம் விதியின் 2 ஆம் உட்பிரிவுதான், கண்மாயில் படிந்த வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. நன்செய் நிலத்திற்கு ஏக்கருக்கு 75 கனமீட்டரும், புன்செய்க்கு 90 கனமீட்டரும் அளவாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவ்விதியில் 2017 ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்தது. 2024 ஜூன் திங்களில் வந்த மற்றொரு திருத்தம், ஆட்சியரிடம் இருந்த அனுமதி அதிகாரத்தை வட்டாட்சியரிடம் சேர்த்தது. நமது கோப்பு சில வாரங்களுக்கு முன்புவரை சரியாகவே இருந்தது. பெரியவர் வந்த அன்று பழையதாகிவிட்டிருந்தது.

இவ்வளவோடும் முடியவில்லை. எந்தெந்தக் கண்மாயில் மண் எடுக்கலாம் என்பது விதியில் இராது. அந்தப் பட்டியல் மாவட்ட அரசிதழில் வெளியாகிறது. விதி இருந்தும் கண்மாயின் பெயர் பட்டியலில் இல்லையெனில் அனுமதி கிடையாது.

ஆகவே, சட்டம் வேர், விதி அடிமரம், அரசாணையும் அறிவிக்கையும் கிளைகள், சுற்றறிக்கை இலை. இலை கிளைக்கு மாறாகவோ, கிளை வேருக்கு மாறாகவோ இருத்தல் கூடாது. விதிக்கு முரணான சுற்றறிக்கையைக் காட்டி ஒருவர் மறுப்பாரானால், விதியைக் காட்டி முறையிட இடமுண்டு. ஆனால், முறையிடுவதற்கு விதி நம் கையில் இருக்க வேண்டும்.

வெளியிடப்படாத சட்டம் சட்டமாகாது

சட்டம் தெரியாது என்று கூறித் தப்பித்தல் இயலாது என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறெனின், தெரிந்துகொள்ளும் வகையில் சட்டத்தை வெளியிடுவது அரசாங்கத்தின் கடமையாகிறது. இதனை நமது உச்ச நீதிமன்றம் 1951 ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை, அபினி பற்றிய சட்டம் ஒன்றை 1923 ஆம் ஆண்டில் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனால், அதனை மக்கள் அறிய எவ்விடத்தும் வெளியிடவில்லை. பின்னாளில் ஹர்லா என்பவருக்கு அச்சட்டத்தின்கீழ் 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மக்கள் அறியும்படி வெளியிடப்படாத தீர்மானம் சட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறித் தண்டனையை நீக்கியது.

உலகில் இவ்வெண்ணம் புதிதன்று. அரசாங்கத்தின் ஆவணங்களைக் குடிமக்கள் பார்வையிடும் உரிமையை ஸ்வீடன் நாடு 1766 ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. நம் நாட்டில், தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றுவதில் முன்னின்றது தமிழ்நாடு. அஃது 1997 ஆம் ஆண்டு. இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4 ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் யாரும் கேளாமலே வெளியிட வேண்டிய பதினேழு வகைச் செய்திகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஐந்தாவது, அந்த அலுவலகத்தின் ஊழியர்கள் தம் பணியில் கையாளும் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவுரைகள், கையேடுகள் ஆகியன. எனவே, விதியைக் காட்டும்படி கேட்பவர் சலுகை கேட்கவில்லை. தமக்கு உரியதையே கேட்கிறார்.

முற்காலத்தில் விதிப் புத்தகங்கள் அலுவலகத்து அலமாரிக்குள் இருந்தன. ஊரில் முன்சீப்பும் கர்ணமும் சொன்னதே விதி. அப்பதவிகள் 1980 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. அலமாரியின் கதவும் இன்று திறந்திருக்கிறது. உள்ளே எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதைத்தான் அறிய வேண்டும்.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

தேடத் தொடங்குமுன், நமது காரியம் எந்த அமைப்பின் எல்லைக்குள் வருகிறது என்று தெளிதல் வேண்டும். அல்லிநகரத்தையே எடுத்துக்கொள்வோம். அது தேனி-அல்லிநகரம் நகராட்சியைச் சேர்ந்தது. நகராட்சி எல்லையைக் கடந்து ஒரு வரப்பு அப்பால் சென்றால் கிராம ஊராட்சி வந்துவிடுகிறது. வரப்புக்கு அப்பால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 செல்லும். வரப்புக்கு இப்பால் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 செல்லும். இவ்விரண்டாவது சட்டம் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்து, 2023 ஏப்ரல் 13 முதற்கொண்டே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நகராட்சிகளை ஆண்டது 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அப்பழைய சட்டத்தின் பிரதிகள் இன்றும் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அல்லிநகரத்தில் வீடு உடைய ஒருவர், அதனை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்திற்குச் சென்றால் பயன் விளையாது.

சில விஷயங்களில் இந்த வரப்பு மறைந்தும் போகும். வீடு கட்டும் விதிகள் அவ்வகையின. முன்னர்க் கிராமங்களுக்கெனத் தனியே 1997 ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் இருந்தன. 2019 பிப்ரவரி 4 ஆம் நாளிட்ட அரசாணையால் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 நகரத்திற்கும் கிராமத்திற்கும் பொதுவாக வந்துவிட்டன. ஆதலின், எந்த அமைப்பு என்று கேட்ட பிறகு, எந்த ஆண்டின் விதி என்றும் கேட்டல் வேண்டும்.

தேனி மாவட்டத்தார்க்கு மற்றொரு குறிப்பு. நமது மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. அதற்கு முற்பட்ட அறிவிக்கைகளை மதுரை மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும். இவ்வாறே, 1969 ஆம் ஆண்டு வரை நமது மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம் என்பதால், பழைய சட்டங்கள் சில ‘மதராஸ்’ என்னும் பெயருடன் தொடங்குவதைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

தேடும் இடங்கள்

சட்டத்தைத் தேடுவதற்கு ஏற்ற இடம் ‘இந்தியா கோட்’ என்னும் மத்திய அரசின் இணையத்தளம். நாடாளுமன்றச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் ஆண்டு வாரியாக அதில் உள்ளன. சட்டத்தின் பெயரையோ ஆண்டையோ இட்டுத் தேடினால், பிரிவு பிரிவாகப் படிக்கலாம். ஒரு பிரிவு பின்னர் மாற்றப்பட்டிருப்பின், எந்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது என்பது அடிக்குறிப்பில் இருக்கும். அடிக்குறிப்பைப் படியாதவர் பாதியே படித்தவராவார். சட்டத்தின்கீழ் வந்த விதிகள் சிலவும் அங்கே உண்டு, எல்லாம் இரா.

விதிகளையும் அவற்றின் திருத்தங்களையும் அரசிதழில் தேட வேண்டும். தமிழ்நாடு அரசிதழ் வாரந்தோறும் புதன்கிழமையில் வெளியாகிறது; அவசரமானவை சிறப்பு வெளியீடாக எந்நாளும் வரும். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையத்தளத்தில் அவற்றைக் காணலாம். விதிகள் மூன்றாம் பகுதியிலும், சட்டங்கள் நான்காம் பகுதியிலும் இடம்பெறும். மத்திய அரசின் அரசிதழோ 2015 ஆம் ஆண்டு முதல் தாளில் அச்சிடப்படாமல் மின்னிதழாகவே வருகிறது. அவ்வாறு மின்னிதழில் வெளியிடுதல் அரசிதழில் வெளியிட்டதற்கு ஒப்பாகும் என்பதற்கு, 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு ஆதாரமாக உள்ளது.

அரசாணைகளுக்குத் தமிழ்நாடு அரசின் இணையத்தளத்தில் துறைவாரியான பகுதி உண்டு. ஊராட்சிகள் பற்றியவற்றை ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் தளத்திலும் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. துறைகளின் பெயரும் பொறுப்பும் காலத்திற்குக் காலம் மாறும். சிறுகனிம விதிகள் முன்னர்த் தொழில் துறையில் இருந்தன. இப்பொழுது இயற்கை வளங்கள் துறையில் உள்ளன. தொழில் துறையின் பக்கத்தில் மட்டும் தேடுபவர்க்கு 2017 ஆம் ஆண்டின் திருத்தம் கிடைக்கும். 2024 ஆம் ஆண்டின் திருத்தம் கிடையாது. பெரியவரின் பேத்திக்கும் முதலில் நேர்ந்தது இதுவே.

அரசுத் தளங்களின் முகவரி ‘கவ்.இன்’ என்றோ ‘நிக்.இன்’ என்றோ முடியும். தனியார் தளங்களிலும் விதிகள் கிடைக்கின்றன. அவை தேடுவதற்கு எளியனவாகவும் இருக்கலாம். ஆயினும், அங்கே கண்டதை அரசுத் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

அரசாணையைப் படிக்கும் முறை

அரசாணை நீண்டதாகத் தோன்றினும் அதன் அமைப்பு எப்பொழுதும் ஒன்றே. தலைப்பில் ‘சுருக்கம்’ என்று, விஷயம் இரண்டு மூன்று வரிகளில் இருக்கும். அடுத்துத் துறையின் பெயர், அரசாணை எண், நாள். இம்மூன்றும் சேர்ந்ததே அரசாணையின் அடையாளம். எண் மட்டும் அறிந்திருப்பது போதாது. ஏனெனில், ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ‘அரசாணை எண் 18’ என்றால் ஒவ்வொரு துறையிலும் ஒன்று இருக்கக்கூடும்.

அதன்கீழ் ‘படிக்கப்பட்டவை’ என்னும் பட்டியல் வரும். பலரும் இதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். உண்மையில் மிகவும் பயனுள்ள பகுதி இதுவே. இதே பொருள்பற்றி முன்னர் வந்த ஆணைகளும் கடிதங்களும் இங்கே நாளோடு குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் மூல ஆணையை அடையலாம். அதன்பின் ‘ஆணை’ என்னும் பகுதியில் காரணமும், கடைசிப் பத்திகளில் முடிவும் நிபந்தனைகளும் இருக்கும். ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்னும் சொற்களுக்குக் கீழே செயலாளரின் பெயரும், ‘பெறுநர்’ என்று ஆணை அனுப்பப்பட்ட அலுவலர்களின் பட்டியலும் காணப்படும். நமது காரியத்தைச் செய்ய வேண்டிய அலுவலர் அப்பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இக்காலத்தில் அரசாணை என்று சொல்லிக் கைப்பேசிகளில் பல படங்கள் சுற்றி வருகின்றன. துறையும் எண்ணும் நாளும் இல்லாத படத்தை நம்பி ஒருவரும் பணமோ விண்ணப்பமோ கொடுத்தல் கூடாது. மூன்றும் இருப்பின், அந்தத் துறையின் பக்கத்தில் அந்த நாளிட்ட ஆணை உண்டா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையான ஆணையைக் கண்ட பிறகும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. அந்நாளுக்குப் பின்னர் அது திருத்தப்பட்டதா, நீக்கப்பட்டதா என்று பார்ப்பது. நாம் பெரியவரை வீணே அலையவிட்டது இவ்வொரு வேலையைச் செய்யாததனால்தான்.

கிடைக்காவிடின்

தேடியும் கிடைக்காத விதிகள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் கிடைப்பவையும் உண்டு. இது கிராம மக்களுக்குப் பெருந்தடை என்பதை மறைப்பதற்கில்லை. தகவல்களை அந்தந்த வட்டார மொழியில் தருவதைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இலங்கையில் அரசாங்க வர்த்தமானி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளிலும் இணையத்தில் வைக்கப்படுகிறது. நம் நாட்டில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இணையத்தில் கிடைக்காத விதியை, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்க்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர் என்று வினவ அலுவலருக்கு உரிமையில்லை. முப்பது நாள்களுக்குள் விடை வர வேண்டும்; வாராவிடின் அடுத்த முப்பது நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கேள்வி குறிப்பாக இருத்தல் முக்கியம். “கண்மாய் பற்றிய எல்லா விதிகளும்” என்று கேட்டால் விடை தாமதமாகும். “இன்ன கண்மாயின் பெயர் அடங்கிய மாவட்ட அரசிதழ் அறிவிக்கையின் நகல்” என்று கேட்டால் மறுப்பதற்கு வழியிராது.

நாம் செய்துகொண்ட மாற்றம்

பெரியவர் வீடு திரும்புமுன் விதியின் பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தோம். இ-சேவை மையத்தின் வழியே வட்டாட்சியருக்கு விண்ணப்பம் சென்றது, கண்மாயின் பெயர் அரசிதழ்ப் பட்டியலில் இருந்தது, அனுமதியும் கிடைத்தது. மூன்று ஏக்கருக்கு 270 கனமீட்டர் வரை அவருக்கு உரிமை உண்டு என்பதை அவரே கணக்கிட்டுச் சொன்னார். கரையில் நின்று பணம் கேட்டவரிடம் அவர் வாதாடவில்லை. தாளைக் காட்டினார், அவ்வளவே.

அதன்பின் நாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். ஒருவருடைய கோரிக்கையை மறுத்தாலும் ஏற்றாலும், விதியின் பெயர், எண், நாள் ஆகியவற்றைப் பதிலில் எழுதாமல் கையொப்பமிடுவதில்லை. எழுதப் புகும்போது விதியை மீண்டும் பார்க்க நேர்கிறது. பார்க்கும்போது சிலவேளை நமது நினைவு தவறு என்று தெரிகிறது. இதனால் மக்களுக்கு மட்டுமன்றி நமக்கும் நன்மையே.

கிராமங்களில் உள்ள படித்த இளைஞர்களையும் ஊராட்சிச் செயலர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் முன்னர், அன்று பேசப்படும் பொருள் ஒன்றைப் பற்றிய விதியைத் தேடி எடுத்து, அதன் எண்ணையும் நாளையும் எழுதி, ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் ஒட்டுங்கள். ஓராண்டில் ஆறு விதிகள் ஊராருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த விதியை எதிரே வைத்துக்கொண்டு பேசும் சபையில் கூச்சல் குறையும், காரியம் நடக்கும்.

இனி யாரேனும் “விதியில் இடமில்லை” என்று கூறுவாராயின், கோபம் கொள்ள வேண்டா. மனம் தளரவும் வேண்டா. “எந்த விதி, ஐயா? எண் என்ன, நாள் என்ன?” என்று பணிவுடன் கேளுங்கள். அந்தப் பெரியவர் நம்மிடம் கேட்டதும் அவ்வளவுதான்.